நோஞ்சான் வரிசை

என் மாமன் ராசப்பனுக்கு வேலை வருவதற்கு முன்பே தலைப்பாகை வந்துவிட்டது. சோளக்காட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று ஆபீசர் வெங்கிடுசாமி எங்கள் ஊர்க்கவுண்டரிடம் காலையில் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அன்று செம்மேட்டில் சந்தை. பொழுது சாய்வதற்குள் மாமன் சிவப்புத் துண்டு ஒன்றை வாங்கித் தலையில் சுற்றிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றான். ஆபீசர் அவன் முகத்தை இன்னும் பார்க்கக்கூட இல்லை.

"அக்கா, சர்க்கார் ஆளு வந்திருக்கறேன். தண்ணி கொண்டா" என்றான்.

என் அம்மா அத்தாயி சிரித்துக்கொண்டே செம்பை நீட்டினாள். தம்பி எது செய்தாலும் அவளுக்கு அழகுதான். மரத்திலிருந்து விழுந்தால்கூட எவ்வளவு நேராக விழுந்தான் பார் என்பாள்.

மாமனுக்கும் சொந்தமாகக் காடு உண்டு. போன மழைக்கு அதில் உண்ணிச்செடி முளைத்தது. அதற்கு முந்தின மழைக்கும் அதேதான். கேட்டால், "மண்ணு களைச்சுப் போச்சு, கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்" என்பான். மண்ணைவிட அவன்தான் அதிகம் ஓய்வெடுத்தான். சாமை அறுப்பு, ராகி அறுப்பு என்று ஊரே குனிந்திருக்கும் நாட்களில் அவன் மட்டும் பாறைமேல் உட்கார்ந்து யார் எப்படி அறுக்கிறார்கள் என்று குறை சொல்வான்.

இவனுக்குத்தான் நான் என்று நான் பிறந்த அன்றே பேசி வைத்துவிட்டார்கள். அப்போது அவனுக்கு மீசை அரும்பிக்கொண்டிருந்ததாம். என்னை அன்றைக்குக் கேட்டிருக்க முடியாது, சரி. பிறகு கேட்டிருக்கலாம். மாமன் தலைப்பாகை கட்டிய அந்த வருஷம் எனக்குப் பதினெட்டு நடந்தது. கேட்க அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. நான் பேசமாட்டேன் என்பது ஒரு காரணம். ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் எழுப்பிக் கேள்வி கேட்பார். பதில் தெரிந்தும் வாய் திறக்காமல் நிற்பேன். இந்தப் பெண்ணுக்குப் படிப்பு ஏறாது என்று அவர் சொல்லிவிட்டார். வீட்டிலும் சந்தோஷமாக நிறுத்திவிட்டார்கள். பேசாதவளுக்கு எல்லாவற்றிலும் சம்மதம் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு.

ஒரே தடை என் அப்பா அப்பாசாமி. மாமன்மேல் அவருக்கு வெறுப்பு ஒன்றும் இல்லை. மருமகனுக்கும் சேர்த்துத் தானே உழ வேண்டியிருக்குமே என்ற பயம்தான். "உன் தம்பி ஒரு வேலைக்குப் போகட்டும். அன்னிக்கே பொண்ணைக் கூட்டிட்டுப் போகட்டும்" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். இத்தனை வருஷமும் அது ஒரு நல்ல வேலி. மாமன் வேலைக்குப் போவதாவது என்று நான் நிம்மதியாக இருந்தேன். சர்க்கார் வந்து அந்த வேலியைப் பிடுங்கும் என்று யார் நினைத்தார்கள்?

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. பர்மாவிலிருந்து அரிசி வருவது நின்றுபோனதால் மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் சோற்றுக்குப் பஞ்சம் என்றார்கள். நெல் இல்லாவிட்டால் மக்காச்சோளம் தின்னட்டும் என்று யாரோ ஒரு துரைக்குத் தோன்றியிருக்கிறது. சாதாரணச் சோளம் போதாது, இரண்டு மடங்கு விளைகிற சோளம் வேண்டும். அதை உண்டாக்குவதற்குத்தான் ஆபீசர் வெங்கிடுசாமி எங்கள் மலை ஏறினார். பேளுக்குறிச்சிப் பக்கத்துப் பண்ணைக்காரர் வீட்டுப் பிள்ளை. காலேஜில் செடிகளைப் பற்றியே படித்தவராம். சண்டைக்கு முன்பிருந்தே கீழே இந்தச் சோளத்தோடு பாடுபட்டு வந்தவராம். கீழே எங்கு விதைத்தாலும் பக்கத்துக் காட்டுச் சோளத்தின் தூள் காற்றில் வந்து கெடுத்துவிடுகிறது என்று, சுற்றிலும் மரக்காடு சூழ்ந்து தனியாகக் கிடக்கிற நிலமாகத் தேடி வந்தார். தேவனூர் நாட்டில் அப்படி இருந்தது எங்கள் மேட்டுக்காடு. அப்பா கொடுத்தார். ஊர்க்கவுண்டர் கொடுக்கச் சொன்னதால் கொடுத்தார்.

ஆபீசர் கொண்டுவந்த விதை ஒரு சின்னத் துணிமுடிச்சு. அதை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டார், மடியில் வைத்துக்கொண்டுதான் தூங்கினார். மனிதர்களை அவர் அப்படிப் பார்த்துக்கொண்டதாகத் தெரியவில்லை. முதல் வருஷம் முழுக்க என்னை "ஏம்புள்ள" என்றும், அம்மாவையும் "ஏம்புள்ள" என்றும்தான் கூப்பிட்டார்.

பூவுக்குப் பை மாட்டச் சின்னக் கைகள் வேண்டும் என்றார். அம்மா என்னைத் தள்ளிவிட்டாள். வேலை கடினம் ஒன்றும் இல்லை. சோளத்தின் உச்சியில் வருகிற பூ ஆண். கதிரின் நுனியில் தொங்குகிற மயிர் பெண். காற்றுக்கு விட்டால் எந்தத் தூள் எந்த மயிரில் விழுந்தது, பிடித்த மணி யார் பிள்ளை என்று தெரியாது. அதனால் இரண்டுக்கும் காகிதப் பை மாட்டி, தூள் கொட்டுகிற காலையில் ஒரு செடியின் தூளை அதே செடியின் மயிரில் தட்டி மறுபடியும் மூடிவிட வேண்டும். அவர் ஒரு தடவை செய்து காட்டினார். நான் செய்தேன்.

காடு முழுக்கத் தலையில் பையோடு நின்ற சோளத்தைப் பார்க்க ஊரே வந்தது. "சளி புடிக்காம இருக்கக் குல்லா போட்டிருக்குது" என்றார்கள். மாமன் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, "தொடாதீங்க, சர்க்கார் சொத்து" என்று எல்லோரையும் விரட்டினான். அவனுக்குத் தெரிந்த விஞ்ஞானம் அவ்வளவுதான். வெள்ளாமை முடிந்தால் முடிகிற காவல் கூலியை அப்பா வேலையாகக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒருநாள் அப்பா ஆபீசரிடம் கேட்டார். "ஏனுங்க, தானே தனக்குக் கட்டிக்கிட்டா அந்தச் செடி என்னத்துக்குங்க ஆகும்?"

"இளைச்சுப் போயிரும்" என்றார் ஆபீசர். இதைப் பேசும்போது மட்டும் அவர் முகம் மனித முகமாக மாறும். "ஒரே ரத்தத்துல திருப்பித் திருப்பிக் கட்டக் கட்ட, தலைமுறைக்குத் தலைமுறை குட்டையா, நோஞ்சானா, சொத்தையா வரும். நீ பாத்தா தூக்கி எறிஞ்சிருவே. ஆனா அதோட குணம் அப்படியே ஒறஞ்சு நின்னுரும். அப்பறம் அந்த மாதிரி இளைச்சது ரெண்டை, ஒண்ணுக்கொண்ணு ஒறவே இல்லாததா எடுத்துக் கட்டி வெச்சேன்னு வெய்யி, பொறக்கறது ஆனை மாதிரி நிக்கும். அதுக்குத்தான் இத்தனை பாடு."

"அப்ப, சொந்தத்துல கட்டறது..."

"அட, நான் செடியைச் சொல்றேன். மனுசனுக்கும் செடிக்கும் முடிச்சுப் போடாதே. எம்பட சம்சாரமே எங்கக்கா பொண்ணுதான்" என்று ஆபீசர் சிரித்தார்.

மாமனுக்கு அன்று முழுக்க நிலைகொள்ளவில்லை. "கேட்டியா மச்சான்? ஆபீசரே அக்கா பொண்ணைத்தான் கட்டியிருக்காரு. எல்லாம் படிச்சவரு" என்று அப்பாவைச் சுற்றிச் சுற்றி வந்தான். இத்தனை நாள் ஆபீசர் சொன்னதில் அவன் காதில் விழுந்தது அது ஒன்றுதான். நான் பையை மாட்டிக்கொண்டே, இவ்வளவு படித்தவர் தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்கமாட்டாரா என்று நினைத்தேன்.

இரண்டாம் வருஷம் ஆடியில் ஆபீசர் புது முடிச்சுகளோடு வந்தார். இந்தத் தடவை இரண்டே குடும்பங்கள். ஒன்று வெள்ளை மணி. இன்னொன்று மங்கின மஞ்சள். ஒரு வரிசை இது, ஒரு வரிசை அது என்று அவரே குனிந்து ஊன்றினார். பூ வரும்போது வெள்ளைச் செடியின் உச்சிப் பூவை ஒடித்துவிட்டு, மஞ்சள் செடியின் தூளை அதன் மயிரில் தட்ட வேண்டும். அதில் விளைகிற மணிதான் ஆனையின் விதை. கையில் இருந்த விதை மொத்தத்தையும் இங்கே ஊன்றிவிட்டதாகவும், கீழே மிச்சம் வைத்ததைப் பூச்சி தின்றுவிட்டதாகவும் சொன்னார். சொல்லிவிட்டு மாமனின் தோளில் கை வைத்தார்.

"ராசப்பா, இந்த வெள்ளாமையைப் பத்திரமா என் கையில குடுத்துட்டீன்னா, உன்னைக் கீழ சர்க்கார் பண்ணையில மேஸ்திரியாப் போட்டுக்கறேன். காயம் வேலை, ஆயுசுக்கும் போகாது."

அப்பா பக்கத்தில்தான் நின்றார். அன்று மாலையே அம்மாவிடம், கல்யாணத்தைத் தையில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். அம்மா என் தலையைத் தடவி, "கீழ்நாட்டுல சர்க்கார் ஊட்டுல இருக்கப்போறே கண்ணு. குடுத்து வெச்சவ" என்றாள். நான் ராகி புடைத்துக்கொண்டிருந்தேன். புடைத்து முடித்தேன்.

ஆபீசர் இறங்கிப் போனவர் பூக்கும்போது வருவதாகச் சொல்லியிருந்தார். விதை முளைத்தது. முளைத்தது என்று சொல்வதே மரியாதைக்குத்தான். வெளிறிய, ஒடிந்துவிழுகிற மாதிரி, கணுக்கால் உயரத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றது. மேட்டுக்காட்டை ஒட்டித்தான் செம்மேட்டுத் தடம் போகிறது. போகிறவர் வருகிறவர் எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

"என்ன ராசப்பா, சர்க்கார் காட்டுல கோரை வெச்சிருக்கறீங்க?"

"சோளமாடா அது? உன் தலப்பா ஒசரங்கூட இல்லியே."

"காவல்காரன் தின்னுபோட்டானோ என்னமோ."

மாமன் முதல் நாள் சிரித்தான். அடுத்த நாள் கல்லெடுத்தான். அதற்கடுத்த நாள் காட்டில் இறங்கிவிட்டான்.

எங்கள் நாட்டில் முதல் களை எடுக்கும்போது ஒரு வழக்கம். நோஞ்சான் பயிர் எதையும் நிற்க விடமாட்டார்கள். பிடுங்கி ஆட்டுக்குப் போட்டுவிட்டு, அடர்த்தியாக முளைத்த இடத்திலிருந்து திடமான நாற்றைப் பிடுங்கி அந்தக் குழியில் ஊன்றிவிடுவார்கள். ராகிக்கும் அப்படித்தான், சோளத்துக்கும் அப்படித்தான். வாடல் பயிரை நிற்க விட்டவனைச் சோம்பேறி என்று ஊர் பேசும். வாழ்நாள் முழுக்கச் சோம்பேறியாக இருந்த என் மாமன், உழைக்கவே கூடாத ஒரே காட்டில் அந்த ஒரு நாள் உழைத்தான். வரிசை வரிசையாகப் பிடுங்கினான். பிடுங்கிய இடத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்த, மலைச்சோளம் என்கிற பழைய மக்காச்சோள நாற்றைக் கொண்டுவந்து ஊன்றினான். மழை ஈரம் இருந்ததால் எல்லாம் பிடித்துக்கொண்டது. பிடுங்கியதைப் பொறுக்கி ஆட்டுக்குக் கொண்டுபோகக் கூடையோடு என்னைக் கூப்பிட்டான்.

"மாமா, இது இளைச்சுத்தான் இருக்கோணும்னு ஆபீசரு..." என்றேன். எனக்கு அது பெரிய பேச்சு.

"ஆபீசரு என்ன ஆபீசரு. வந்து பாத்தா என் மூஞ்சீலதான துப்புவாரு? காவலுக்கு வெச்ச பயிரு செத்துக் கெடக்குதுன்னு. நீ வாய மூடிக்கிட்டுப் பொறுக்கு புள்ள. அஞ்சாங்கிளாசு படிச்சுட்டு எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டா."

வாயை மூடிக்கொண்டேன். அது எனக்கு வரும்.

கூடை நிறைந்தது. ஆட்டுப்பட்டிக்குப் போகிற வழியில் சுனை இருக்கிறது. அதற்குக் கீழே, பலாமரம் தாண்டி, பாறைகளுக்கு நடுவில் கொஞ்சம் கருமண். ஆடுகூட அங்கே இறங்காது. கூடையை அங்கே கவிழ்த்து, வேர் அறுபடாமல் இருந்ததை எடுத்து ஊன்றினேன். வெள்ளைச் செடியின் இலை நரம்பு அகலமாக வெளுத்திருக்கும். மஞ்சள் செடிக்குத் தண்டின் அடி சிவந்திருக்கும். பாறைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. எனக்கு எந்த யோசனையும் இல்லை. அவன் பிடுங்கி எறிந்தது எதுவானாலும் அது பிழைக்க வேண்டும் என்று தோன்றியது. அவன் காக்காயை விரட்டியிருந்தால் காக்காய்க்குச் சோறு வைத்திருப்பேன்.

பூக்கும் காலம் வந்தது. ஆபீசர் வரவில்லை. மலைக்காய்ச்சலில் படுத்திருக்கிறார், கண் திறப்பதே கஷ்டம் என்று சேதி வந்தது. சேதி கொண்டுவந்தவன் காகிதப் பைக் கட்டையும் கொண்டுவந்தான். மேட்டுக்காட்டில் மலைச்சோளம் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. மாமன் மார்பை நிமிர்த்திக்கொண்டு வரப்பில் நடந்தான். தடத்தில் போகிறவர்கள் இப்போது வாயைப் பிளந்தார்கள்.

"பார்றா, சர்க்கார் சோளம்னா சர்க்கார் சோளந்தான்" என்றார்கள். அவரவர் கொல்லையில் நிற்பதும் அதுதான் என்று ஒருவருக்கும் கண் தெரியவில்லை. பக்கத்தில் தலைப்பாகை நின்றால் போதும், எங்கள் ஊருக்கு எல்லாம் புதிதாகத் தெரியும்.

தூள் தட்டுகிற வேலையையும் மாமனே செய்வதாகச் சொன்னான். பெண்பிள்ளை கை பட்டால் மேஸ்திரி வேலைக்குக் குறைச்சலாம். எல்லாப் பூவையும் ஒரே முறத்தில் உதறி, தூளைக் கலந்து, கோயிலில் திருநீறு கொடுக்கிற மாதிரி ஒவ்வொரு கதிருக்கும் ஒரு சிட்டிகை போட்டுப் பையை மாட்டினான். மிச்சப் பைகளை அடுப்பு மூட்ட அம்மாவிடம் கொடுத்தான். அம்மாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன். சுனைக்குத் தண்ணீருக்குப் போகும்போது பாறைக்கு நடுவில் இறங்கி, அந்தச் செடியின் தூளை அந்தச் செடிக்கே தட்டி மூடினேன். அவை என் இடுப்புக்குமேல் வளரவில்லை. கதிர் என் விரல் நீளம். பார்க்கச் சகிக்காது. ஆனால் ஒன்றைப் போலவே ஒன்று இருந்தது.

கார்த்திகையில் ஆபீசர் வந்தார். இரண்டு பேர் கைத்தாங்கலாக ஏற்றிக் கொண்டுவந்தார்கள். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக இருந்தது. தண்ணீர்கூடக் குடிக்காமல் மேட்டுக்காட்டுக்குத்தான் நடந்தார். அப்பா, அம்மா, மாமன், பின்னால் கூடையோடு நான். சோளத்தட்டின் உயரத்தைத் தூரத்திலிருந்து பார்த்ததுமே அவர் நடை நின்றது. "என்ன இது?" என்றார் மெதுவாக.

மாமனுக்கு அது பாராட்டாகக் கேட்டது. விளைந்த காட்டுக்குப் பெரிய மனிதர் வந்தால், முதல் கதிரைக் காட்டுக்காரன் தன் கையால் உரித்து அவர் கையில் கொடுப்பது எங்கள் வழக்கம். அதில் பெரிய கதிராகப் பார்த்து மாமன் ஒடித்தான். பையைக் கிழித்தான். மட்டையை ஒவ்வொன்றாக, கல்யாணப் பெண்ணின் முக்காட்டை விலக்குகிற மாதிரி உரித்தான்.

"பாருங்க சாமி. உங்க புண்ணியம், நம்ம ஒழைப்பு" என்று நீட்டினான்.

மஞ்சளும் சிவப்பும் கறுப்புமாக மணிகள் பளபளத்தன. எங்கள் வீட்டு மலைச்சோளம் எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

ஆபீசர் கதிரை வாங்கவில்லை. பக்கத்துச் செடியிலிருந்து ஒன்றைத் தானே ஒடித்து உரித்தார். அதற்கடுத்ததை உரித்தார். பிறகு வரிசையின் கடைசிவரை போய் உரித்தார். வரப்பில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளாமை பொய்த்த வருஷம் அப்பாவைக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை.

"என்ர செடி எங்கடா?" என்றார்.

மாமனுக்கு அப்போதுதான் காற்று திசை மாறுவது தெரிந்தது. என் பக்கம் திரும்பினான். அவன் இவ்வளவு வேகமாக யோசித்து நான் பார்த்ததில்லை.

"இந்தப் புள்ளதானுங்க! களை எடுக்கறேன்னு வந்து, நான் சந்தைக்குப் போன நேரம் பாத்து எல்லாத்தையும் புடுங்கி ஆட்டுக்குப் போட்டுட்டாளுங்க. சொன்னா அடிப்பீங்கன்னு நான்தான் மறைச்சு, வெறுங்காடாக் கெடக்கக்கூடாதுன்னு வேற நட்டு வெச்சேனுங்க. சொந்தக்காரப் புள்ள, என்ன பண்றதுங்க" என்று ஆபீசரின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். கண்ணீரும் வந்தது. எங்கே வைத்திருந்தானோ.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் எதையும் பிடுங்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். மாமன் பிடுங்குவதை வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். வாயைத் திறக்கவில்லை. அப்பா வானத்தைப் பார்த்தார்.

ஆபீசர் முதல்முறையாக என்னை முழுசாகப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அதற்குக்கூட நான் தகுதி இல்லை போலிருக்கிறது. "ஆறு வருசம்" என்றார் யாரிடமும் இல்லாமல். "மலைக்காரங்களை நம்பி வந்தேன் பாரு. செருப்பால என்னை அடிக்கோணும்."

அப்பா தொண்டையைச் செருமினார். அந்த நேரத்திலும் அவருக்குத் தன் கணக்கு மறக்கவில்லை.

"ஏனுங்க, புள்ள பண்ணுன தப்புக்கு... ராசப்பனோட வேலை என்னாகுமுங்க? தையில கல்யாணம் வெச்சிருக்குது."

ஆபீசர் கையை உதறினார். "அவன் என்ன பண்ணுவான் பாவம், பொட்டப்புள்ள பண்ணுனதுக்கு. பன்னி ஒண்ணு உள்ள வராம காவல் காத்திருக்கறான். பண்ணையில மாட்டைப் பாத்துக்க ஆள் வேணும். வரட்டும், போட்டுக்கறேன்."

மாமன் அழுகையை அப்படியே நிறுத்திவிட்டு எழுந்தான். விழுந்து கிடந்த தலைப்பாகையை எடுத்துத் தட்டிச் சுற்றிக்கொண்டான். சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். பரவாயில்லை, உன்னை மன்னித்துவிட்டேன் என்கிற மாதிரி.

நான் கூடையைக் கீழே வைத்துவிட்டு நடந்தேன். "அழுகறதுக்குப் போறா, உடுங்க" என்று மாமன் சொன்னது கேட்டது. சுனைக்குக் கீழே இறங்கி, உலர்ந்து நின்ற செடிகளிலிருந்து கதிர்களைப் பையோடு ஒடித்தேன். வெள்ளை ஒரு முந்தானை முடிச்சு, மஞ்சள் ஒரு முந்தானை முடிச்சு. திரும்பி ஏறும்போது ஆபீசர் இன்னும் வரப்பில்தான் இருந்தார்.

எதிரில் போய் நின்றேன். ஒரு கதிரைப் பையிலிருந்து எடுத்து மட்டையை உரித்துக் காட்டினேன். விரல் நீளம். கோணல் வரிசை. வேறு ஒரு நிறம் கலக்காத வெள்ளை.

அவர் எழுந்த வேகத்தில் தடுமாறினார். கையை நீட்டினார். நான் கதிரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"எங்க இருந்துது? எத்தனை இருக்குது? மஞ்சள்? மஞ்சள் இருக்குதா?"

"ரெண்டும் இருக்குதுங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "மாமனுக்கு வேலை குடுக்கலீன்னா தாரேனுங்க."

"என்ன?"

"மாமனுக்கு வேலை குடுக்கக்கூடாதுங்க. குடுக்கமாட்டேன்னு சொன்னா எல்லாக் கதிரும் தாரேனுங்க. இல்லீன்னா ஆடு பக்கத்துலதான் மேயுதுங்க."

"ஏ புள்ள!" என்று அப்பா கத்தினார். அம்மா, "ஐயோ, இவளுக்கு என்னமோ புடிச்சுக்கிச்சு" என்று வாயில் அடித்துக்கொண்டாள். மாமன் சிரிக்கப் பார்த்தான். "வெளையாட்டுப் புள்ளைங்க. நான் வாங்கித் தாரேனுங்க" என்று என் பக்கம் வந்தான். நான் ஒரு கதிரை ஆட்டுப்பட்டிப் பக்கம் ஓங்கினேன்.

"நில்லுடா அங்கயே!" என்று ஆபீசர் அலறினார். காய்ச்சல்காரருக்கு அவ்வளவு குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மாமன் நின்றான்.

ஆபீசர் ஒரு மூச்சுக்கூட யோசிக்கவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. பிடுங்கியது யார் என்று கேட்கவில்லை. சற்று முன்பு பாவம் என்று சொன்னவனின் முகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இல்ல. வேலை இல்ல. குடுக்கமாட்டேன். இவனுக்குப் பண்ணையில எந்த வேலையும் இல்ல. போதுமா கண்ணு? குடு" என்றார்.

என்னைக் கண்ணு என்று அவர் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். அவர் கண் கதிர்மேல் இருந்தது.

"ஊர்க்கவுண்டர்கிட்டயும் சொல்லோணுமுங்க" என்றேன்.

"சொல்றேன், சொல்றேன். இப்பவே போய்ச் சொல்றேன்."

இரண்டு முடிச்சையும் அவிழ்த்துக் கொடுத்தேன். அவர் தன் மேல்துண்டை விரித்து, ஒவ்வொரு கதிராக வாங்கி, முனையை முகர்ந்து, கலந்துவிடாமல் இரண்டு பக்கமாக வைத்தார். ஒரு வருஷம்தான் போயிற்று, ஒரு வருஷம்தான் என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். எழுந்தபோது என் நினைவு வந்து, "நல்ல காரியம் பண்ணுனே. பையனாப் பொறந்திருந்தா பண்ணையில சேத்துக்குவேன்" என்றார். அவர் அதைப் பரிசாகத்தான் சொன்னார்.

ஊர்க்கவுண்டர் வீட்டில் சொல்லிவிட்டு அன்றைக்கே இறங்கினார். தூக்கிக்கொண்டு போகக் கூலிக்காரர்கள் இருந்தும், துண்டு மூட்டையை யாரிடமும் கொடுக்காமல் தானே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். அவருடைய பெட்டியை மாமன்தான் தலையில் வைத்துக்கொண்டு அடிவாரம்வரை போனான். வழியில் மனம் மாறுவார் என்று நம்பியிருப்பான். பெட்டிக்குச் சும்மாடாக அந்தச் சிவப்புத் துண்டு.

அம்மா பல நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு அது பழக்கமில்லாத தண்டனை ஒன்றும் இல்லை. அப்பா மட்டும் மாடு கட்டும்போது ஒருநாள், "அந்த நாலு வார்த்தையை முன்னாலயே எங்கிட்டச் சொல்லியிருந்தா ஊரு முன்னால இந்தக் கூத்து வந்திருக்குமா?" என்றார். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்கவில்லை. வானத்தைப் பார்த்திருப்பார்.

தை வந்தது. எங்கள் வாசலில் பந்தல் எதுவும் வரவில்லை. "வேலை இல்லாதவனுக்குப் பொண்ணு இல்லைன்னு சொன்னது சொன்னதுதான்" என்று அப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டார். மேட்டுக்காட்டுச் சோளம் மொத்தமும் எங்களுக்கே மிஞ்சியது. அம்மா அதை இடித்துக் களி கிண்டினாள். வாசனை பிடித்து மாமன் வந்தான். துண்டு இப்போது இடுப்பில் இருந்தது. தட்டை வாங்கி உட்கார்ந்தான்.

"நல்ல சோளந்தான் அக்கா. ஆபீசருக்குத்தான் ருசி தெரியல" என்றான்.

அம்மா அவனுக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பெரிய உருண்டையாக எடுத்து அவன் தட்டில் வைத்தேன். மேலே குழம்பு ஊற்றினேன். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த ஒரு வேலையை அவன் யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் ஒழுங்காகச் செய்வான்.